தவிப்பை உற்றுப் பார்த்தல்: சிகரெட்டைக் கைவிட முழுக்கவனச் செயலியை முதன்முறையாகப் பயன்படுத்துவோருக்கு

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்களில் பலர், விரதம் தொடங்கிய நாளிலிருந்து சிகரெட்டைக் கையால் தொடுவதில்லை. நாளுக்கு ஒரு பெட்டி பிடித்தவர்கூட அந்த வாரங்களைக் கடந்து, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி சுமந்து நடந்துவிடுகிறார். பிறகு காவடியை இறக்கி, விரதம் முடித்து, இரண்டொரு நாளில் கோப்பிக்கடையின் வெளிமூலையில் நண்பர்களோடு நின்று மீண்டும் பற்றவைக்கிறார். மூன்று முறை நானும் அப்படித்தான் செய்தேன். சிகரெட் இல்லாமல் உடல் இருந்துவிடும் என்பதை விரதம் மெய்ப்பித்துக் காட்டியது. ஆனால் தவிப்புக்கு அது அணை போட்டதே தவிர, அந்தத் தவிப்பு என்ன, எங்கே எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும்படி என்னிடம் சொல்லவில்லை. அதைப் பார்க்கப் பழக்குவதுதான் இக்கட்டுரையில் நான் பேசும் கைப்பேசிச் செயலிகளின் வேலை.

ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ் எனப்படுவதை இங்கே முழுக்கவனம் என்று அழைக்கிறேன். இந்த நொடியில் உடலிலும் மனத்திலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது அதன் சாரம். பௌத்த மரபில் வேர்கொண்ட இப்பயிற்சியை 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-சின் நோயாளிகளுக்கான பாடத்திட்டமாக வகுத்தார். புகைப்பழக்கத்துக்கு அது வந்து சேர்ந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

தவிப்பு எப்படி வேலை செய்கிறது

சிகரெட் புகையை இழுத்த சில நொடிகளிலேயே நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறையும்போது ஒரு சங்கடம் எழுகிறது. அடுத்த சிகரெட் அந்தச் சங்கடத்தைத் தீர்க்கிறது. தீர்ந்த நிம்மதியை மூளை பரிசாகக் குறித்துக்கொள்கிறது. நாளுக்கு இருபது முறை, ஆண்டுக்கணக்கில் இப்படிக் குறித்துக்கொண்ட மூளைக்கு ஒரு கட்டத்தில் சங்கடம்கூடத் தேவைப்படுவதில்லை, சூழ்நிலையே போதும்.

இதை நான் உணர்ந்தது ரயிலில். பூன் லேயிலிருந்து பாசிர் ரிஸ் வரை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எம்ஆர்டியில் உட்கார்ந்திருப்பேன். சிகரெட் நினைவே வராது. நிலையத்தின் கட்டணக் கதவைத் தாண்டிப் படி இறங்கியதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடும். அந்த ஒரு நிமிடத்தில் இரத்தத்திலிருந்த நிக்கோட்டின் சட்டென்று வற்றிவிடவில்லை. கதவுதான் என்னைத் தூண்டியது. உங்களுக்கு அது காலைக் கோப்பியாக இருக்கலாம், சாப்பாட்டுக்குப் பிந்திய ஐந்து நிமிடமாக இருக்கலாம், மேலாளரிடமிருந்து வந்த குறுஞ்செய்தியாகவும் இருக்கலாம்.

தூண்டுதல், புகைத்தல், நிம்மதி என்ற இந்தச் சுற்றை உடைக்க மற்ற முறைகள் பெரும்பாலும் தூண்டுதலைத் தவிர்க்கச் சொல்கின்றன, அல்லது கவனத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்கின்றன. முழுக்கவனம் தவிப்புக்கு நேராக முகம் கொடுக்கச் சொல்கிறது. தவிப்பு அலையைப்போல எழுந்து, உச்சம் தொட்டு, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகத் தாழ்ந்துவிடும். இதை ஒரு முறை உடலால் அனுபவித்துவிட்டால் அடுத்த முறை அதன்மேல் உள்ள பயம் குறைகிறது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதனை அலைச்சறுக்கு விளையாட்டோடு ஒப்பிட்டு, தவிப்பின்மேல் சறுக்கிச் செல்வது என்று பெயரிட்டார்.

செயலியிடம் எதை எதிர்பார்க்கலாம்

தொடங்குமுன் ஓர் உண்மையை நேராகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ஜட்சன் புரூவரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 88 பேர் பங்கேற்றனர். நேரடி வகுப்பில் முழுக்கவனம் கற்றவர்களில் 31 விழுக்காட்டினர் 17 வாரங்களுக்குப் பின்னும் சிகரெட் தொடாமல் இருந்தார்கள். வழக்கமான பாடத்திட்டத்தைப் பின்பற்றியவர்களில் 6 விழுக்காட்டினரே அப்படி இருந்தார்கள். அந்த எண்ணிக்கையைப் பல விளம்பரங்கள் இன்றும் கொண்டாடுகின்றன. ஆனால் அதே பயிற்சியைச் செயலியாக்கி ஐந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 2020இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாத முடிவில் விட்டவர்களின் விகிதத்தில், அப்பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தவிப்பு வந்தால் உடனே புகைப்பது என்ற பிணைப்பு மட்டும் செயலியைப் பயன்படுத்தியவர்களிடம் தளர்ந்திருந்தது. தவிப்பை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ளப் பழக்கும், முழுக்கவனத்துக்கு நெருங்கிய முறையில் அமைந்த ஐகேன்குவிட் என்ற செயலி, அதே ஆண்டில் 2,415 பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டு முடிவில் 28 விழுக்காட்டினரை விடவைத்தது. ஒப்பிடப்பட்ட செயலியில் அது 21 விழுக்காடு. இத்துறை ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2022ஆம் ஆண்டு மதிப்பாய்வோ, முழுக்கவனம் மற்ற முறைகளைவிடச் சிறந்தது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

இவற்றையெல்லாம் படித்த பிறகும் நான் செயலியைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் அதைத் தனி மருந்தாக அல்ல, மருந்துக்கும் ஆலோசனைக்கும் துணையாகவே பரிந்துரைக்கிறேன். செயலியைப் பதிவிறக்கம் செய்த அன்றே பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைப்பவர்கள்தான் மூன்றாம் நாள் ஏமாறுகிறார்கள்.

முதல் படி: செயலியைத் தேர்ந்தெடுப்பது

எத்தனை நாள் புகைக்கவில்லை, எத்தனை வெள்ளி (டாலர்) மிச்சம் என்று கணக்குக் காட்டும் செயலிகள் ஏராளம். அவை ஊக்கம் தரும், தவறில்லை. ஆனால் அவை கணக்குப் புத்தகங்கள், முழுக்கவனப் பயிற்சி அல்ல. உங்களுக்குத் தேவையான செயலியில் மூன்று அம்சங்கள் இருக்க வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடத்துக்கு மிகாத பாடம் ஒன்று, தவிப்பு எழும் நொடியில் ஒரே தொடுதலில் திறக்கும் இரண்டு மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று, புகைத்ததையும் தவிப்பையும் குறித்துவைக்க எளிய வசதி ஒன்று. புகைப்பழக்கத்துக்கென்றே உருவான செயலிகளில் பாடங்கள் வரிசையாக இருக்கும். அவை கட்டுப்படியாகாவிட்டால், இலவசமாகவே நிறையத் தியானங்களைத் தரும் இன்சைட் டைமர், பிளம் வில்லேஜ் போன்ற பொதுவான தியானச் செயலிகளைக்கொண்டே கீழே சொல்லும் பயிற்சியைச் செய்துவிடலாம்.

நான் முதலில் இறக்கிய செயலியின் பெயர் இங்கே தேவையில்லை. அலுவலகத்துக்கு வெளியே நின்று, உள்ளங்கை வியர்க்க, உதவிப் பொத்தானை அழுத்தியபோது, ஏழு நாள் இலவசக் காலம் முடிந்துவிட்டது, சந்தா கட்டினால்தான் திறக்கும் என்றது. அன்று நான் சந்தாவும் கட்டவில்லை, சும்மாவும் இருக்கவில்லை, பற்றவைத்துவிட்டேன். ஆகவே இலவசக் காலம் எப்போது முடிகிறது, அதன்பின் எது திறந்திருக்கும், எது மூடிக்கொள்ளும் என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியிலேயே இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்றும் பாருங்கள்; தங்குவிடுதியிலும் கட்டுமானத் தளத்திலும் இணையம் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னோர் எச்சரிக்கை. பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவையே மின்சிகரெட்டைப் புகைப்பழக்கத்திலிருந்து விடுபட உதவியாகப் பரிந்துரைப்பதால், அங்கிருந்து வரும் செயலிகள் அதற்கு மாறும்படி ஆலோசனை சொல்லக்கூடும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் வாங்குவதும் பயன்படுத்துவதும் குற்றம். அந்தப் பக்கம் வந்தால் தாண்டிச் சென்றுவிடுங்கள்.

இரண்டாம் படி: விடுவதற்கு முந்திய வாரம்

பதிவிறக்கம் செய்த அன்றே சிகரெட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஒரு தேதி குறியுங்கள். தீபாவளி, திருமண விருந்து, சிங்கப்பூர் ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையின் முகாம் பயிற்சி ஆகியவை அதன் முதல் பத்து நாளுக்குள் வராதபடி பார்த்துக்கொண்டால் நல்லது. அந்த ஒரு வாரம் வழக்கம்போலப் புகைத்துக்கொண்டே, ஒவ்வொரு சிகரெட்டுக்கும் முன்பு செயலியில் இரண்டே குறிப்புகள் எழுதுங்கள்: எங்கே நிற்கிறேன், தவிப்பு பத்துக்கு எத்தனை. என் பட்டியலைப் பார்த்தபோது, பதினேழு சிகரெட்டில் ஆறேழுக்குத் தவிப்பு மூன்றைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. அவை வெறும் கைப்பழக்கம். அவற்றை அந்த வாரத்திலேயே சிரமமின்றி உதிர்த்துவிட முடிந்தது.

அதே வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு சிகரெட்டை முழுக்கவனத்தோடு புகைத்துப் பாருங்கள். கேட்க விந்தையாக இருக்கும். ஆனால் இத்திட்டத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். பேச்சுத்துணை வேண்டாம், கையில் கைப்பேசி வேண்டாம், கோப்பியும் வேண்டாம். பற்றவைக்குமுன் முகர்ந்து பாருங்கள். முதல் இழுப்பில் நாக்கின் எந்தப் பகுதியில் சுவை படுகிறது, தொண்டை இறுகுகிறதா, நெஞ்சு என்ன செய்கிறது, நாலாவது இழுப்பிலும் முதல் இழுப்பின் இன்பம் இருக்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குச் சற்றுத் தள்ளி, மழை விட்ட மாலையில் நின்று நான் இதைச் செய்தேன். ஈர மண்ணின் வாசம் முதலில் வந்தது. அதை மூடிக்கொண்டு எரிந்த காகிதத்தின் நெடி வந்தது. மூன்றாவது இழுப்புக்குப் பிறகு வாயில் நனைந்த சாம்பலின் கசப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. இருபது ஆண்டுகளாக அந்தக் கசப்பு அங்கேதான் இருந்திருக்கிறது; நான்தான் பேச்சிலும் கோப்பியிலும் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். சிகரெட் கெடுதி என்று பெட்டியின் மேலுள்ள படம் ஆயிரம் முறை சொல்லியும் இறங்காதது, அன்று நாக்கின் வழியாக இறங்கியது.

மூன்றாம் படி: தவிப்பின்போது செய்யும் பயிற்சி

முழுக்கவனச் செயலிகள் பலவற்றில் சிறு மாற்றங்களோடு காணப்படும் பயிற்சிக்கு நான்கு அசைவுகள் உண்டு. முதலாவது, வந்திருப்பது தவிப்பு என்று அடையாளம் காண்பது. இரண்டாவது, அதை விரட்டாமல், அதனோடு வாதாடாமல், இருந்துவிட்டுப் போகட்டும் என்று இடம் கொடுப்பது. மூன்றாவது, உடலில் அது எங்கே, எப்படி இருக்கிறது என்று ஆராய்வது. நான்காவது, கணத்துக்குக் கணம் மாறும் அந்த உணர்வுகளுக்கு ஒற்றைச் சொல்லால் பெயர் வைத்துக்கொண்டே போவது. புதியவர்கள் இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் தடுமாறுகிறார்கள், அதனால் அவற்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

இடம் கொடுப்பது என்றால் இணங்குவது அல்ல. வீட்டு வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளரைத் திட்டாமலும் உள்ளே அழைக்காமலும் பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் ஓட்டினால் அது பயிற்சி அல்ல, பழைய விரதமே. தோள்கள் காதுவரை ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறியிருந்தால் நீங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். மூச்சை வெளியே விடும்போது தோளைத் தளர்த்திவிட்டுத் தொடருங்கள்.

பெயரிடுவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. செயலியின் குரல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசி, இறுக்கம், வெப்பம் என்ற இரண்டு மூன்று சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்லும். அதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. உடம்பில் நடப்பதைச் சொல்லத் தமிழில் இரட்டைக் கிளவிகள் குவிந்து கிடக்கின்றன. தொண்டையில் கரகரப்பு, விரல் நுனியில் குறுகுறுப்பு, நெஞ்சில் படபடப்பு, வயிற்றில் கடகடப்பு, கால்களில் பரபரப்பு, மண்டையில் விறுவிறுப்பு. ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டவை இவைதாம்: பரபரப்பு, வறட்சி, குறுகுறுப்பு, குறுகுறுப்பு, எச்சில், எரிச்சல், கொட்டாவி. கொட்டாவி வந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தவிப்பு எட்டிலிருந்து நாலுக்கு இறங்கியிருந்தது. பெயர் வைக்க வேண்டுமானால் உற்றுப் பார்க்க வேண்டும். உற்றுப் பார்ப்பவர் அந்த நேரத்துக்குத் தவிப்பவராக மட்டும் இருப்பதில்லை.

இதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்பதில்லை. பேருந்து நிறுத்தத்திலும் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதும் கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாம். மறைந்து நின்று புகைத்த இடத்தில் நின்றே செய்வது மட்டும் முதல் இரண்டு வாரங்களுக்கு வேண்டாம்.

விடும் தேதிக்கு முன்பே, தவிப்பு மூன்று நாலு அளவில் இருக்கும்போது இதைப் பலமுறை செய்து பழகுங்கள். ஒன்பதில் நிற்கும்போது முதன்முதலாகச் செயலியைத் திறப்பது, கடலில் விழுந்த பிறகு நீச்சல் கற்பதற்குச் சமம். மூச்சையோ நெஞ்சையோ கவனிக்கும்போது பதற்றம் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கவனத்தைப் பாதங்களுக்கோ சுற்றியுள்ள ஓசைகளுக்கோ மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே மனநலச் சிகிச்சை பெறுபவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

நான்காம் படி: விடும் நாளும் அதையடுத்த நாள்களும்

முதல் சில நாள்கள்தான் கடுமை. நிக்கோட்டின் கிடைக்காமல் உடல் காட்டும் பின்வாங்கல் அறிகுறிகள் முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. அந்த நாள்களில் செயலி தனியாக நிற்க வேண்டியதில்லை. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையும் கம்மும் மருந்தகங்களில் கிடைக்கின்றன. 1992இல் சூயிங்கம் இறக்குமதியைத் தடைசெய்த சிங்கப்பூர், 2004இல் மருத்துவப் பயனுள்ள கம்முக்கு மட்டும் மருந்தாளர் வழியாகக் கதவு திறந்தது. அந்தக் கம்மைச் சூயிங்கம்போல மென்றால் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெல்ல மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மீண்டும் மெல்ல வேண்டும். கோப்பியோ பழச்சாறோ குடித்துக் கால் மணி நேரமாவது ஆன பிறகே அதை வாயில் போட வேண்டும், இல்லையேல் நிக்கோட்டின் சரியாக உடலில் சேராது. மருந்து தவிப்பின் உயரத்தைக் குறைக்கிறது. குறைந்த அலையில் பயிற்சி எளிதாகிறது. இரண்டுக்கும் பகையில்லை.

கோப்பியைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒரு விவரம் உண்டு. சிகரெட் புகையில் உள்ள வேதிப்பொருள்கள், கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு கோப்பி உடலில் அதிக நேரம் தங்குகிறது. நாலு குவளை கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடித்து, கை நடுங்கி, தூக்கம் கெட்டு, இதெல்லாம் சிகரெட்டை விட்டதன் வேதனை என்று நான் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். விடும் நாளிலிருந்து கோப்பியைப் பாதியாக்குங்கள். மனநலத்துக்கான சில மருந்துகள், குறிப்பாகக் குளோசபின், ஓலான்சபின் ஆகியவையும் இதே நொதியால் சிதைபவை. அவற்றை உட்கொள்பவர்கள் புகைப்பதை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிப்பது கட்டாயம்.

செயலியால் தர முடியாத ஒன்று மனிதக் குரல். சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின், புகைப்பதை விட உதவும் தொலைபேசிச் சேவையான குவிட்லைன் எண் 1800 438 2000. வாரியத்தின் ஐ குவிட் திட்டம் 28 நாள் கணக்கில் அமைந்தது. செயலியின் பாடங்களையும் அந்த 28 நாளையும் ஒரே தேதியில் தொடங்கினால், பின்பற்ற ஒரே நாள்காட்டி போதும்.

வழுக்கினால்

வழுக்கும். எனக்குப் பதினொன்றாம் நாள் வழுக்கியது. சித்தப்பா வீட்டு விசேஷத்தில் மச்சான் நீட்டினார், வாங்கிவிட்டேன். பெரும்பாலான செயலிகளில் நாள் எண்ணிக்கை அப்போது பூச்சியத்துக்குத் திரும்பும், அந்தப் பூச்சியத்தைப் பார்த்த வெறுப்பில்தான் பலர் அடுத்த பெட்டியை வாங்குகிறார்கள். எண்ணிக்கையை மறைக்கும் வசதி இருந்தால் மறைத்துவிடுங்கள். புகைத்த அந்த ஒன்றையும், முந்திய வாரத்தில் செய்ததுபோல, எங்கே, பத்துக்கு எத்தனை, சுவை எப்படி என்று குறித்துவையுங்கள். என் குறிப்பில் தவிப்பு இரண்டு என்றிருந்தது. நான் புகைத்தது நிக்கோட்டினுக்காக அல்ல, மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லத் தயங்கியதற்காக. மறுநாள் அவரை அழைத்து, மச்சான், இனி எனக்கு நீட்டாதீங்க என்று சொன்னதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு நாள்தோறும் செயலியைத் திறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. பயிற்சி மனத்தில் பதிந்திருக்கும். குரல் இல்லாமலே நான்கு அசைவுகளையும் செய்ய முடிகிறதா என்று ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டுச் செயலியை நீக்கலாம். கட்டணச் செயலியாக இருந்தால், கைப்பேசியிலிருந்து அதை அழிப்பதால் சந்தா நின்றுவிடாது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் உங்கள் கணக்கின் சந்தாப் பகுதிக்குள் சென்று தனியாக ரத்துசெய்ய வேண்டும், அதையும் அடுத்த கட்டணத் தேதிக்கு ஓரிரு நாள் முன்பே செய்துவிட வேண்டும்.